வாய் திறந்தால் பசி

போன மாதம் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் மெஸ் அக்காவைப் பார்த்தேன். நடைமேடையின் வடக்கு ஓரத்தில், சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. பெஞ்சின் மறுமுனையில் ஓர் இளம்பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தாள். குழந்தை அக்காவைப் பார்த்தபடியே பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவரை அறியாதவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. நான் அவருடைய மெஸ்ஸுக்குப் பக்கத்துக் கடையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரை நோக்கி நடந்தேன். கிட்டே போய்ப் பேசுவதற்குள் ஊரப்பாக்கம் பக்கம் போகிற வண்டி வந்துவிட்டது. அவர் ஏறிக்கொண்டார். வண்டி நகரும்போதும் அந்த முகம் ஜன்னலின் மறுபக்கம்தான் திரும்பியிருந்தது.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில் என் மருந்துக்கடை இருக்கிறது. அதற்கு இடப்பக்கக் கடை அப்போது அக்காவின் மெஸ். இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். மெஸ்ஸின் பலகையில் ஏதோ ஒரு சாமி பெயர் எழுதியிருந்தது. அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நாவலூர், சிறுசேரி ஆபீஸ்களுக்குப் போகிற பையன்கள், உப்பளத்து ஆட்கள், கட்டட வேலைக்காரர்கள், கழிவுநீர் லாரி ஓட்டுகிறவர்கள், எல்லோருக்கும் அது அக்கா மெஸ். அவரை வயதில் மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

கறுத்து, அகன்ற தோள்களோடு, எப்போதும் முந்தானையை இடுப்பில் இறுகச் செருகியிருப்பார். வலது கை சற்றுப் பெரிது என்று எனக்குத் தோன்றும். கரண்டியும் வாளியும் பிடித்து அப்படி ஆகியிருக்கலாம். அந்தக் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அது ஏதாவது ஒன்றை எடுத்து யாருடைய வாயிலாவது வைத்துக்கொண்டே இருக்கும்.

"வாய் தொறந்தா பசி. அவ்ளோதான். வேற இன்னா கீது?" என்பார்.

இதை அவர் நிஜமாகவே நம்பினார். அவருடைய கல்லாவுக்கு எதிரில் நின்று கொட்டாவி விட்டவர்கள் கையில் வடை இல்லாமல் திரும்பியதில்லை. சாலையில் நிற்கும் லாரிகளை எடுக்கச் சொல்ல ஒருமுறை போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்தார். "யம்மா, இந்த வண்டியெல்லாம்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் அவர் வாயில் ஒரு போண்டா இருந்தது. சட்னி வந்தது. அப்புறம் இன்னொரு போண்டா. மனிதர் துடைத்துக்கொண்டு போய்விட்டார். லாரிகள் அங்கேயே நின்றன.

இன்னொரு நாள் கடைவாய்ப் பல் வீங்கி, வாயை மூட முடியாமல் ஓர் ஆள் என் கடைக்கு வந்தார். நான் மாத்திரை எடுக்க உள்ளே திரும்பினேன். ஒரு அலறல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அக்கா பக்கத்தில் நிற்கிறார், அந்த ஆளின் வாயில் பாதி இட்லி.

"பல்லு வலியா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா நைனா?"

"இட்லிய வெச்சு அடச்சுட்டு சொல்லுன்னா எப்படிக்கா சொல்றது?" என்றார் அந்த ஆள், கண்ணில் நீரோடு. ஆனால் இட்லியைத் துப்பவில்லை.

எனக்கு மாத்திரை எண்ணும்போது உதடு அசையும் பழக்கம் உண்டு. சத்தம் வராது, வாய் மட்டும் லேசாகத் திறந்து மூடும். அந்த நேரம் அக்கா பக்கத்தில் இருந்தால் ஒரு வாழைப்பழத் துண்டு வந்துவிடும். எண்ணிக்கை தப்பும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். இதற்காகவே உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணப் பழகினேன். இன்னும் அப்படித்தான் எண்ணுகிறேன்.

"மெடிக்கலு, நீ ஒரு ஆளுக்கு எவ்ளோ மருந்துன்னு அளந்து குடுக்கற. சோத்துல அளவு பாத்தா கை வெளங்காது" என்பார். மெடிக்கலு என்பது நான். அவர் எனக்கு வைத்த ஒரே பெயர்.

இந்தப் பழக்கத்தின் வேரை ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் வெங்காயம் உரித்துக்கொண்டே. அம்மா போனபோது அக்காவுக்குப் பள்ளிக்கூட வயது. தம்பி கைக்குழந்தை. பாலுக்கு வழியில்லை. கஞ்சித் தண்ணீரை விரலில் தொட்டு வாயில் வைத்திருக்கிறார்.

"அவன் அழுறப்போ மூஞ்சே தெரியாது மெடிக்கலு. வாய் மட்டும்தான் தெரியும். அம்மாம் பெரிய வாயி. அத்த மூடறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்ல."

சொல்லிவிட்டு எழுந்து போய், தெருநாய்க்குச் சோறு வைத்தார்.

மெஸ்ஸில் உலை வைக்கும்போது, வருகிறவர்களுக்கு எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேல் வராதவர்களுக்கும் சேர்த்து அரிசி போடுவார். அதனால் தினமும் மிஞ்சும். மிஞ்சியதைக் குப்பையில் போட அவருக்கு மனம் வராது. முதலில் நாய்கள், பிறகு காகங்கள், அதன் பிறகும் இருக்கிறதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் உப்பங்கழியில் போடுவார். கொட்டுகிறார் என்று யாராவது சொன்னால் கோபம் வரும்.

"கொட்றதுக்கு இன்னா அது குப்பையா? சாப்பாடு போடறேன். அதுங்களுக்கும் வயிறு கீது."

எங்கள் கடைகளுக்குப் பின்னால் உப்பளம். அதைத் தாண்டினால் உப்பங்கழி. பக்கிங்காம் கால்வாய் வடக்கிலிருந்து வந்து அதில் கலக்கிறது. கழி கிழக்கே போய்க் கோவளத்தில் கடலைத் தொடுகிறது. தொடுகிற இடத்தில் ஒரு மணல்திட்டு உண்டு. மழைக்காலத்தில் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு ஓடும். வெயில் நீண்டால் கடல் மணலைத் தள்ளித் தள்ளி முகத்துவாரத்தை மூடிவிடும். அப்புறம் அடுத்த மழை வரை கழி ஒரு பெரிய பாத்திரம் மாதிரி. உள்ளே விழுந்தது உள்ளேயே கிடக்கும்.

உள்ளே விழுந்தது அக்காவின் சோறு மட்டும் அல்ல. நாவலூரிலிருந்து தெற்கே அடுக்குமாடிகள் எழும்ப எழும்ப, கழிவுநீர் லாரிகளும் பெருகின. விடியும் முன்பே அவை கால்வாய் ஓரத்துக்குப் பின்பக்கமாக வந்து நிற்கும், குழாயை நீரில் இறக்கும். காலியானதும் ஓட்டுநர்கள் கைகால் கழுவிக்கொண்டு அக்கா மெஸ்ஸுக்கு வருவார்கள். அவர்களில் ஒருவன் தினமும் ஒரே வேடிக்கையைச் சொல்வான்.

"ஆத்துக்கு நாஸ்தா போட்டுட்டு வந்துட்டேன்க்கா. எனக்கு நாஸ்தா போடு."

"த்தூ, கய்தே. கைய நல்லா கழுவுனியா?"

"ரெண்டு தபா கழுவுனேன்."

அவர் இரண்டு இட்லி கூடுதலாக வைப்பார். கடை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது, ஏனென்றால் கழியும் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டது போலத் தெரிந்தது. அந்த ஆண்டுகளில் மீன் குறையவில்லை, பெருகியது. மடவை உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. இறாலைக் கையால் தடவிப் பிடிக்கிற பெண்கள், வாயில் கவ்விய பனையோலைக் கூடை நிரம்பக் கரையேறினார்கள். நீர் மட்டும் கொஞ்சம் பச்சையாக இருந்தது.

"பாத்தியா?" என்றார் அக்கா. "நம்ம சோறு. வேற இன்னா? போட்டா வளருது."

அவர் சொன்னதில் பிழை இல்லை. போட்டதால்தான் வளர்ந்தது. மீனுக்கு முன்னால் பாசி வளர்ந்தது. சோறும் சாக்கடையும் கரைந்து பாசிக்கு உரமாயின. அதைத் தின்று சின்னது பெருத்தது, சின்னதைத் தின்று பெரியது பெருத்தது. எதற்கும் போதும் என்று சொல்லத் தெரியவில்லை.

அக்காவின் தம்பி அப்போது ஆபீஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். நாங்களும் அவனைத் தம்பி என்றே கூப்பிட்டோம். ஒல்லி. அக்கா கையால் அவ்வளவு தின்றும் ஒட்டாத உடம்பு. இரவெல்லாம் ஓட்டி முதுகு போனதால் அந்த வேலையை விட்டான். கழியில் கூண்டு போட்டுக் கொடுவா மீன் வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்க் கற்றுக்கொண்டு வந்தான். நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்களின் மேல் இரும்புக் குழாய்ச் சட்டம், சட்டத்திலிருந்து நீருக்குள் தொங்கும் வலைப்பெட்டி, சுற்றி நடக்கப் பலகை. அதுதான் கூண்டு. கையிலிருந்ததையெல்லாம் அதில் போட்டான். மனைவியின் வீட்டாரிடம், இது கைகொடுக்காவிட்டால் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

அவன் அளவு வைத்திருந்தான். காலையில் இவ்வளவு பொடிமீன், மாலையில் இவ்வளவு. மேலே வந்து கொத்துகிற வரைக்கும் போடுவான், நின்றதும் நிறுத்துவான். அக்கா அவன் போன பிறகு வருவார். கோழிக்கடைகளில் குடலும் ஈரலும் வாங்கி வந்து கூண்டுக்குள் போடுவார். கொடுவா சோறு தின்னாது என்று தம்பி பலமுறை சொல்லியிருந்தான். அதனால் சோற்றைக் கூண்டுக்கு வெளியே போடுவார், "சும்மா சுத்திகினு கீறதுங்களுக்கு."

"யக்கா, எம் மீனு என்னிய மாதிரி ஒல்லியா இருந்தா இருந்துட்டுப் போட்டும்" என்பான் தம்பி.

"உன்னியே ஒயுங்கா வளக்க முடில. இதுங்களயாச்சும் வளக்கறேன்."

மீன் வளர்ப்பைச் சொல்லித்தருகிற ஓர் இளம்பெண் ஒரு தடவை கூண்டைப் பார்க்க வந்தாள். ஒரு குப்பியில் நீர் எடுத்து, இரண்டு மருந்தைச் சொட்டி, நிறத்தைப் பார்த்தாள். முகம் மாறியது. பிறகு மெஸ்ஸுக்கு வந்து அக்காவிடம் பேசினாள். தம்பியும் நானும் இருந்தோம். அவள் நிதானமாகத்தான் தொடங்கினாள்.

"அக்கா, மீன் தின்னது போக மிச்சம் அடியில போய் உக்காருது. அது அழுகும்போது..."

"வாய் காஞ்சு போயி கீது பாரு பொண்ணுக்கு. இந்தா." ஒரு இடியாப்பம்.

அவள் மென்று விழுங்கினாள். "அழுகும்போது தண்ணியில இருக்கிற காத்த அது எடுத்துக்கும். பாசியும் பகல்ல காத்து குடுக்கும், ராத்திரி ஆனா அதுவும் மூச்சு வாங்கும். விடியறதுக்கு முன்னாடி..."

"தேங்காப்பால் ஊத்திக்க."

"விடியறதுக்கு முன்னாடிதான் காத்து ரொம்பக் கம்மியா இருக்கும். முகத்துவாரம் வேற மூடப்போவுது. தீனிய பாதியா கொறைங்க. முடிஞ்சா மீன சீக்கிரம் எடுத்துடுங்க."

மிகத் தெளிவாகவே சொன்னாள். தம்பி தலையாட்டினான். அக்கா அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போன பிறகு என்னிடம் கேட்டார்:

"பாதி வயிறா வெச்சா மீனு எப்படி மெடிக்கலு ஒறங்கும்?"

புரட்டாசி பிறந்தது. எங்கள் பக்கத்தில் அந்த மாதம் பாதி ஊர் கவிச்சி தொடாது. மீன் விலை இறங்கிவிடும். கோழிக்கடைக்காரர்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தம்பி மீனை எடுத்துவிடலாம் என்றான். முகத்துவாரம் மூடிவிட்டது, நீர் நிற்கிறது, அந்தப் பெண் சொன்னது அவன் மனதில் இருந்தது.

"எடுத்து யாருக்கு விக்கறது?" என்றார் அக்கா. "ஊரே சாம்பார் துன்னுகினு கீது. மாதா கோயில் தெருவுல கீறவங்க மட்டும் வாங்கி உன் கூண்டு காலியாவுமா?"

"கொறஞ்ச வெலைக்கு போனாலும் போவட்டும்க்கா. தண்ணி சரியில்ல."

"ஐப்பசி பொறக்கட்டும்டா. தீபாவளிக்கு எடு. அதுக்குள்ள இன்னும் தின்னட்டும். தின்னா நல்லதுதான?"

அக்கா சொன்னது வியாபாரக் கணக்கிலும் சரிதான். கூண்டு வைத்திருந்த மற்றவர்களும் ஐப்பசிக்காகத்தான் காத்திருந்தார்கள். தம்பி காத்திருந்தான். கொடுவாக்கள் கூண்டுக்குள் வளர்ந்துகொண்டே இருந்தன, இடம் வளரவில்லை. மெஸ்ஸிலும் அந்த மாதம் கறிக்குழம்பு மிஞ்சியது. அக்கா வழக்கமான அளவில்தான் வைத்தார். புரட்டாசி என்பதற்காக உலையைக் குறைக்க அவர் கை ஒப்பவில்லை. மிஞ்சியதெல்லாம் ஆட்டோவில் ஏறிக் கழிக்குப் போனது. லாரிகளும் வந்தன. லாரிகளுக்குப் புரட்டாசி கிடையாது.

நீர் பச்சையிலிருந்து கரும்பச்சைக்குப் போனது. கீரை வேகவைத்த நீர் மாதிரி கெட்டியாக இருந்தது. பிற்பகலில் காற்று நின்றால் உப்பளம் தாண்டி என் கடை வரைக்கும் ஒரு வாடை வரும். முதலில் எலி செத்துக் கிடக்கிறதோ என்று அலமாரிகளுக்குப் பின்னால் தேடினேன்.

பிறகு வானம் மூடியது. மழை இல்லை, வெயிலும் இல்லை. எதுவும் அசையாத, வேர்க்கிற நாட்கள். அப்படி ஒரு மாலையில் அக்கா என் கடைக்கு வந்து, மேசை மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மெடிக்கலு, பசி எடுக்கற டானிக் கீதா?"

"யாருக்குக்கா?"

"மீனுக்கு."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"முந்தாநேத்துலேருந்து துன்ன மாட்டேங்குது. ஈரல் போட்டேன், நல்லா ஃப்ரெஷ்ஷு. மூந்து கூட பாக்கல. அப்படியே கீழ எறங்கிப் போவுது. தம்பிகிட்ட சொல்லல. கொயந்தைங்களுக்கு குடுப்பியே, செவப்பா, இனிப்பா, அத்த ஊத்தி பெசஞ்சு போட்டா?"

"அக்கா, குழந்தைக்கு அஜீரணம்னா நாம என்ன செய்வோம்? ஒரு வேளை வயித்த காயப்போடுவோம். ரெண்டு நாள் ஒண்ணும் போடாதீங்க. அந்தப் பொண்ணு சொன்னது ஞாபகம் இருக்கா? தம்பிகிட்ட இன்னிக்கே சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் சரியாக எழுத முடியவில்லை. கோபம் இல்லை. ஒரு தாயிடம் போய், உன் குழந்தையை வெளியே விட்டுக் கதவைச் சாத்து என்று சொன்னால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி.

"பட்டினி போடச் சொல்றியா?" என்றார். கைகளை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். "நீ மருந்து விக்கறவ. உனுக்கு அது புரியாது."

அவர் போனதும் நானே தம்பிக்குப் போன் செய்தேன். நாளைக்கே ஐஸ் வண்டி சொல்லி, வந்த விலைக்கு எடுத்துவிடுகிறேன் என்றான்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும் நேரம் என் வீட்டு வாசலில் ஆட்டோ சத்தம். வீடு கடைக்கு மேலேதான். எட்டிப் பார்த்தேன். பின்னிருக்கையில் அக்கா, காலடியில் மூடி போட்ட இரண்டு பெரிய குண்டான்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எறங்கி வா மெடிக்கலு. தம்பி போன் பண்ணான். மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்குதாம். பசி வந்துடுச்சு. நீ பட்டினி போடச் சொன்னியே, வந்து பாரு."

கதவைப் பூட்ட இரண்டு முறை முயன்றேன். ஆட்டோவில் ஏறியதும் சொன்னேன்: "அக்கா, அது பசி இல்லன்னு நினைக்கிறேன்." ஆட்டோ சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம். குண்டான் மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓட்டுநரிடம் பள்ளம் பார்த்துப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கழிக்கரையில் திருவிழாக் கூட்டம். அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வாளி, அன்னக்கூடை, கிரிக்கெட் தொப்பி, புடவைத் தலைப்பு, கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு முழங்கால் நீரில் நின்று மீனை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நண்டுகள் கூண்டின் கயிறுகளிலும் பழைய படகின் விளிம்பிலும் ஏறி, ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. இறால் கரை மணலிலேயே துள்ளியது. மடவைகள் கையால் தூக்கினாலும் ஓடவில்லை.

"மச்சான், வலையே வோணாம்டா. தானா வந்துகினு கீது."

"புரட்டாசியாவது ஒண்ணாவது. அள்ளுடா."

"ஃப்ரிட்ஜ்ல வெச்சா ஐப்பசி வரைக்கும் தாங்குமாண்ணாத்த?"

கரையிலிருந்து கூண்டு வரை பலகைப்பாலம். அக்கா இரண்டு குண்டான்களையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு அதில் நடந்தார். நான் பின்னால் போனேன். இரண்டு பக்கமும் நீர் முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். மழைத்துளி விழுகிற மாதிரி இருந்தது, மழை இல்லை. ஒவ்வொரு வட்டமும் ஒரு வாய்.

கூண்டுப் பலகையில் தம்பி நின்றிருந்தான். இடுப்புவரை நனைந்து, கையில் ஒரு துடுப்பு. துடுப்பின் அகலமான பக்கத்தால் கூண்டுக்குள் நீரை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான். அடித்தால் நுரை எழும், நுரையில் கொஞ்சம் காற்று நீருக்குள் போகும். எப்போதிலிருந்து அடிக்கிறானோ தெரியவில்லை. உள்ளங்கை கிழிந்து துடுப்பின் பிடி சிவந்திருந்தது. பக்கத்தில் கட்டியிருந்த படகின் இஞ்சினை ஓட்டி நீரைக் கலக்கிப் பார்த்திருக்கிறான், எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். வலையை அறுத்து விட்டிருக்கலாம். ஆனால் வலைக்கு வெளியேயும் அதே நீர்தான்.

கூண்டுக்குள் கொடுவாக்கள் நெருக்கியடித்து மேலே நின்றன. முழங்கை நீளம், வெள்ளி நிறம். தலை மட்டும் நீருக்கு வெளியே. பெரிய வாய்கள், திறந்து, மூடி, திறந்து. நடுவில் சில பக்கவாட்டில் சாய்ந்துவிட்டிருந்தன.

"ஏண்டா அடிக்கற அதுங்கள?" அக்கா குண்டான்களை இறக்கி வைத்தார். "பசியில மேல வந்துதுங்க, அதுங்கள போய் அடிக்கற?"

"போடாதக்கா."

அக்கா மூடியைத் திறந்தார். ஒன்றில் குடலும் ஈரலும். இன்னொன்றில் சோறு. ஈரலை ஒரு பிடி அள்ளிக் கூண்டுக்குள் வீசினார். அது மீன்களின் தலைமேல் விழுந்து, திறந்த வாய்களுக்கு நடுவே நழுவி, கீழே இறங்கியது. ஒரு மீனும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் இன்னொரு பிடி வீசினார். பிறகு வெளிப்பக்கம் திரும்பி மடவைகளுக்குச் சோற்றை இறைத்தார். பருக்கைகள் ஒரு மடவையின் வாய்க்குள் நீரோடு போய், நீரோடு வெளியே வந்தன.

"துன்னு நைனா. துன்னு. வாயத் தொறந்து கேக்கத் தெரிதுல்ல, அப்பால இன்னா?"

"அக்கா, போடாத. அது பசி இல்லக்கா. மூச்சு. அதுக்கு மூச்சு இல்ல." தம்பி அடித்துக்கொண்டே சொன்னான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி. "நீ போடறது அடியில போயி, கீற கொஞ்ச மூச்சையும் துன்னுது."

அக்கா வீசிக்கொண்டே இருந்தார். நான் அவர் தோளைத் தொட்டேன். தோள் தன் பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து யாரோ, "யக்கா, எங்களுக்கும் கொஞ்சம் போடு, நாங்களும் வாயத் தொறக்கறோம்" என்று கத்த, அங்கே சிரிப்பு எழுந்தது.

சாலைப் பக்கத்தில் ஒரு லாரி பின்னால் வரும் பீப் பீப் சத்தம் கேட்டது.

தம்பி அடிப்பதை நிறுத்தினான். நீரில் எழுந்திருந்த நுரை ஒவ்வொரு குமிழாக உடைந்து அடங்கியது. கூண்டின் நடுவில் இன்னும் சில மீன்கள் மெதுவாகச் சாய்ந்து வெள்ளை வயிற்றைக் காட்டின. அவன் துடுப்பைப் பலகையில் போட்டான். அக்காவின் பக்கம் திரும்பினான். ஏதோ சொல்ல வாய் திறந்தான். சொல் வரவில்லை. வாய் அப்படியே திறந்து நின்றது. முகத்தில் வேறு எதுவும் தெரியவில்லை, அந்த வாய் மட்டும் தெரிந்தது.

அக்கா அவனைப் பார்த்தார். அவருடைய வலது கை தானாகக் குண்டானுக்குள் போயிற்று. ஒரு பிடி சோற்றை உருட்டி எடுத்தது. தம்பியின் வாய் வரைக்கும் போயிற்று.

அங்கே நின்றது.

அவர் அந்த வாயைப் பார்த்தார். பிறகு குனிந்து நீரைப் பார்த்தார். மறுபடியும் அந்த வாயைப் பார்த்தார். சோற்று உருண்டை விரல்களுக்கு இடையே நெகிழ்ந்து, பருக்கை பருக்கையாக, திறந்து மூடிக்கொண்டிருந்த வாய்களின் மேல் விழுந்தது.